பேரே இல்லாத பழைய பித்தளை தூண்டில் ரீல்: யார் செஞ்சது, என்ன விலை போகும்?

நீங்க கேட்டது இதுதான். தாத்தா குன்னூர்ல ஒரு எஸ்டேட் பங்களாவுல பட்லரா இருந்தவர், துரை 1948ல ஊருக்குக் கிளம்பறப்ப டிரங்குப் பெட்டியோட குடுத்துட்டுப் போன பித்தளை ரீல் (தூண்டில் கம்புல மாட்டி நூல் சுத்தற சக்கரம்) ஒண்ணு வீட்டுல கெடக்கு, பேரு நம்பர் முத்திரை எதுவும் கண்ணுல படல, போட்டோவும் அனுப்பியிருக்கீங்க. பழைய சாமான் கடைக்காரர் 500 ரூபான்னாரு, உங்க மச்சான் நெட்டுல பாத்துட்டு இது ஹார்டிங்கற பேர் போன இங்கிலாந்துக் கம்பெனி ரீல், லட்ச ரூபா போகும்னு சொல்றாரு. யார் சொல்றது சரி?

ரெண்டு பேருமே தப்பு. ஆனா கடைக்காரர்தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்துல நிக்கறாரு, மச்சான் கோச்சுக்க வேணாம்.

மத்ததெல்லாம் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு. தயவுசெஞ்சு அதைத் தேய்க்காதீங்க. புளி, எலுமிச்சம்பழம், விபூதி, பித்தளை பாலிஷ் எதுவும் கிட்ட போகக் கூடாது. நான் பட்டது போதும். பல வருஷம் முன்னாடி ஊட்டில ஒரு காயலான் கடைல 800 ரூபாய்க்கு ஒரு ரீல் வாங்கிட்டு வந்து ஷோகேஸ்ல வெச்சிருந்தேன், கறுப்பும் பழுப்புமா அழுக்குப் புடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கம்மா குத்துவிளக்கோட சேத்து அதையும் புளி போட்டுத் தேய்ச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, ஸ்பேனர் சுத்தியல் பக்கத்துல பளபளன்னு வெச்சுட்டாங்க. எனக்கும் அன்னிக்கு சந்தோஷந்தான். அப்புறம் இங்கிலாந்துல ரீல் சேக்கற ஒருத்தருக்கு போட்டோ அனுப்பினேன், பதிலுக்கு ஒரே வரி வந்துச்சு, இதை யார் கழுவினதுன்னு. அந்தக் கறுப்பு அழுக்கே இல்ல, வெயில்ல மின்னி மீன் மிரளக் கூடாதுன்னு பித்தளை மேல மருந்து வெச்சு ஏத்தின நிறம் அது. அது போச்சு, கூடவே முகப்புத் தகட்டுல லேசா பொறிச்சிருந்த கடைப் பேரும் போச்சு, இப்ப ஆங்கில எழுத்து ரெண்டு மட்டும் சாய்ச்சுப் பாத்தா தெரியும். அந்த ரெண்டு எழுத்தை வெச்சுட்டு நான் இன்னும் தேடிட்டுதான் இருக்கேன்.

சரி, ஏன் பேரே இல்ல? காணாமப் போயிடுச்சுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, ஏகப்பட்டது பேரே போடாமதான் வெளிய வந்துச்சு. இங்கிலாந்துல பர்மிங்ஹாம்லயும் பக்கத்துல ரெடிட்ச்லயும் (ரெடிட்ச் ஊசிக்குப் பேர் போன ஊரு, ஊசிய வளைச்சா தூண்டில் முள்ளுதானே, அப்படியே மீன் சாமான் பூரா அங்க வந்துருச்சு, ஆல்காக், மில்வர்ட் எல்லாம் அந்த ஊரு கம்பெனிதான்) மொத்தமா ரீல் செஞ்சு முகப்பைக் காலியா விட்டு டஜன் கணக்குல கடைகளுக்கு அனுப்புவாங்க. துப்பாக்கிக் கடை, இரும்புக் கடை, பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர்னு யார் வேணா வாங்கி தன் பேரைப் பொறிச்சுப்பாங்க, செலவு எதுக்குன்னு நினைக்கறவங்க அப்படியே வித்துருவாங்க. அதனால பேரு இருந்தாலும் அது வித்தவர் பேரு, செஞ்சவர் பேருன்னு நம்ப முடியாது. நம்ம ஊருல மளிகைக் கடைக்காரர் பேரு போட்ட மஞ்சப்பை மாதிரிதான், பையைத் தைச்சது அவரா என்ன.

பேரு இல்லன்னா செஞ்ச விதத்தைத்தான் படிக்கணும். நான் முதல்ல பாக்கறது காலை. கால்னா கம்போட அடில வெச்சு மேல வளையம் தள்ளி இறுக்கற அந்த நீளத் தகடு. அது சாதாரணத் தகடா இருந்தா 19ம் நூற்றாண்டோட பிற்பாதி, 20ம் நூற்றாண்டு எதுவா வேணா இருக்கலாம். தகட்டுக்குப் பதிலா ஒரு ஆணி மாதிரி திருகு நீட்டிட்டு இருந்து கம்புல ஓட்டை போட்டு அந்தப் பக்கம் நட்டு போட்டு முடுக்கற மாதிரி இருந்தாலோ, இல்ல கம்பைச் சுத்திப் புடிக்கற வளையமா இருந்தாலோ அது ரொம்பப் பழசு, 18ம் நூற்றாண்டும் 19ம் நூற்றாண்டோட முற்பாதியும். அந்த மாதிரி ஒண்ணு பேரே இல்லாம கெடைச்சாலும் சில நூறு பவுண்ட் போகும். காலைத் திருப்பி அடியையும் முனை ரெண்டையும் பாருங்க. பழைய சொந்தக்காரர் தன் கம்புக்குப் பொருந்தலன்னு அரம் வெச்சு ராவியிருப்பாரு, ராவின கால் விலையைக் குறைக்கும். உங்க போட்டோல ஒரு முனை இன்னொண்ணை விடக் கூர்மையா மெலிஞ்சு இருக்கு பாருங்க, அது ராவினதுதான்.

அடுத்தது கைப்பிடி. பழைய ரீல்ல நடு அச்சுலேருந்து ஒரு வளைஞ்ச கரம் வெளிய வந்து அதோட நுனில குமிழ் இருக்கும், கெணத்து ராட்டினத்துல பாக்கற கைப்பிடி மாதிரி. அதுல ஒரு தொல்லை, மீன் இழுக்கற நேரத்துல தளர்ந்த நூல் போயி அந்தக் கரத்துலயே சுத்திக்கும், மீன் போயிடும். அதுக்குத்தான் கரத்தைத் தூக்கிட்டு ஒரு முழு வட்டத் தகட்டுலயே குமிழை வெச்சாங்க, தகடே சுத்தும், சுத்தியும் ஒரு மேடான விளிம்பு, நூல் சிக்க எடமே இல்ல. இந்த வட்டத் தகடு வகைதான் சுமார் 1880லேருந்து எல்லாத்தையும் தள்ளிட்டு வந்துச்சு. கரம் வெச்சது மலிவு வகைல அதுக்கப்புறமும் வந்துட்டுதான் இருந்துச்சு, அதனால கரத்தைப் பாத்த உடனே 1850ன்னு எழுதிடாதீங்க.

குமிழ் எதால செஞ்சதுன்னு பாக்கறது ரொம்ப முக்கியம், இது வெறும் அழகு விஷயம் இல்ல, சட்ட விஷயமும். மாட்டுக் கொம்புன்னா கறுப்போ பழுப்போ இருக்கும், டார்ச் அடிச்சா மெலிசான எடத்துல லேசா ஒளி ஊடுருவும், இழை இழையா பிரிஞ்சிருக்கும், பூச்சி அரிச்சிருந்தாலும் அரிச்சிருக்கும். எலும்புன்னா வெள்ளைல குட்டி குட்டியா கறுப்புப் புள்ளியும் கோடும் தெரியும். யானைத் தந்தம்னா வெட்டு முகத்துல ஒண்ணையொண்ணு குறுக்கே வெட்டற வளைவுக் கோடு வரும். செல்லுலாய்டுல தந்தம் மாதிரியே செஞ்சதும் உண்டு, அதுல கோடெல்லாம் அளவெடுத்த மாதிரி நேரா ஓடும். சூடு ஊசி வெச்சுக் குத்திப் பாருங்கன்னு சில பேரு சொல்வாங்க, வேணாம், உள்ளது கெட்டுரும், செல்லுலாய்டா இருந்தா தீயே புடிக்கும். உங்களது போட்டோல கறுப்பா நுனில பழுப்பு ஓடற மாதிரி இருக்கு, கொம்புதான்னு தைரியமா சொல்வேன், பிரச்னை இல்ல.

இப்ப வீட்டுலயே ஒரு சோதனை. குமிழை ஒரு முழு சுத்து மெதுவா சுத்துங்க, உள்ள நூல் சுத்தற உருளை எத்தனை சுத்து சுத்துதுன்னு ஒரு மார்க்கர் புள்ளி வெக்காம (வெக்காதீங்க!) ஒரு துண்டு நூலைச் சொருகிட்டு எண்ணுங்க. ஒண்ணுக்கு ஒண்ணுன்னா சாதாரண ரீல். ஒண்ணுக்கு ரெண்டு, மூணு, நாலுன்னு சுத்தினா உள்ள பல்சக்கரம் இருக்கு, அப்ப கதையே வேற. இங்கிலாந்துல இந்தப் பல்சக்கர ரீல் 19ம் நூற்றாண்டு நடுவுலயே மவுசு போயிடுச்சு, பல்லு தேஞ்சு மாட்டிக்கும்னு ஜனங்க வெறுத்துட்டாங்க, அதனால இருக்கறது கம்மி, விலை கூட. அமெரிக்காவுல நேர் எதிர். கென்டக்கில பாரிஸ்னு ஒரு ஊரு, அங்க ஜார்ஜ் ஸ்னைடர்னு ஒரு வாட்ச் ரிப்பேர்காரர் 1800களோட தொடக்கத்துல கடிகார வேலை தரத்துல பல்சக்கர ரீல் செஞ்சாரு, அப்புறம் அதே கென்டக்கில இருக்கற ஃபிராங்ஃபர்ட்ல மீக் சகோதரர்கள், மைலம்னு அந்த வம்சமே உருவாச்சு. அவங்க ஸ்க்ரூ ஒவ்வொண்ணையும் கையாலயே வெட்டினதால ஒரு ஓட்டைக்குச் செஞ்சது இன்னொண்ணுல சரியா ஏறாது, அதனால ஸ்க்ரூ தலைலயும் ஓட்டை பக்கத்துலயும் சின்னதா நம்பர் குத்தியிருப்பாங்க. பேரில்லாத ரீல்ல நம்பர் குத்தின ஸ்க்ரூ பாத்தீங்கன்னா அதைத் தொடாம அப்படியே மூடி வெச்சுட்டு விவரம் தெரிஞ்சவங்களைக் கேளுங்க. நம்ம ஊரு மலைல அது வர்ற வாய்ப்பு சொற்பம், துரைங்க எல்லாம் பிரிட்டிஷ் சரக்குதான் கொண்டுவந்தாங்க.

ஸ்க்ரூன்னதும் ஞாபகம் வருது, கூட்டல் குறி மாதிரி வெட்டு இருக்கற ஸ்க்ரூ எங்கயாவது இருந்தா அது 1930களுக்கு அப்புறம் வந்த சமாச்சாரம். ஒண்ணே ஒண்ணுன்னா யாரோ ரிப்பேர் பண்ணி மாத்தினது, எல்லாமே அப்படின்னா ரீலே புதுசு. மொராதாபாத் மாதிரி எடத்துல பழைய மாதிரியே புது பித்தளை சாமான் ஏராளமா செய்யறாங்க, திசைகாட்டி, தொலைநோக்கி, ரீல்னு. அதுல ஒரு வேடிக்கை, போலியா செய்யறவங்க பெரிய பேரை நல்லா ஆழமா குத்தித்தான் அனுப்புவாங்க, பேரில்லாததைப் போலி செய்யறதுக்கு யாருக்கு என்ன லாபம். அந்த வகைல உங்களுது மேல எனக்கு சந்தேகமே வரல.

சில ரீலுக்குப் பேரே தேவையில்ல, அமைப்பே கையெழுத்து. உருளை மொத்தமும் தொண்ணூறு டிகிரி பக்கவாட்டுல திரும்பிக்கிட்டா அது ஸ்காட்லாந்து பெர்த் நகரத்து மால்லக் 1884ல காப்புரிமை வாங்கின வகை. மரத்துல செஞ்சு பின்னாடி பித்தளைல நட்சத்திரமோ சிலுவையோ வெச்சிருந்தா நாட்டிங்ஹாம் ரீல், மரம் வளையாம இருக்கத்தான் அந்தப் பித்தளை. இதுல பேரில்லாதது எக்கச்சக்கம். நடுவுல ஒரு குட்டி நெம்புகோலைத் தள்ளினா உருளை கழண்டு வந்தா அது இங்கிலாந்துல நியூவார்க் ஊரு ஸ்லேட்டரோட 1883 யோசனை. பக்கத் தகடு ரெண்டும் ஓட்டை ஓட்டையா ஒல்லியா இருந்தா அமெரிக்க ஆர்விஸ் 1874ல காப்புரிமை எடுத்த மாடலோ அதைப் பாத்து செஞ்சதோ. உங்க மச்சான் சொன்ன ஹார்டிக்கு வருவோம். ஹார்டி கம்பெனி ஆனிக்ல 1872ல தொடங்கினது, அவங்க பேரை உலகம் பூரா கொண்டுபோனது பெர்ஃபெக்ட்னு ஒரு மாடல், 1891ல கடைக்கு வந்துச்சு. அதைத் திறந்தா சைக்கிள் பேரிங் மாதிரி வட்டமா சின்ன உலோகக் குண்டு அடுக்கி இருக்கும். ஆரம்ப கால முழுப் பித்தளை பெர்ஃபெக்ட் ஏலத்துல ஆயிரக்கணக்கான பவுண்ட் போகும், மச்சான் பாத்த விலை அதுதான். போட்டோல பாத்த வரைக்கும் உங்க ரீலோட முகப்பு அமைப்பு பெர்ஃபெக்ட் மாதிரி இல்ல. ஹார்டியும் சாதாரண வட்டத் தகடு ரீல் வித்தாங்கதான், ஆனா விளம்பரத்துல அவங்க கில்லாடிங்க, கை ஒண்ணு கம்பைப் புடிச்சிருக்கற முத்திரையைக் குத்தாம விட மாட்டாங்க.

அந்த முத்திரையோ கடைப் பேரோ கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சிருக்கலாம், அதனால கடைசியா ஒரு தடவை தேடுங்க. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை ரீலோட பக்கவாட்டுல கிட்டத்தட்ட படுக்க வெச்சு அடிங்க, மேலேருந்து அடிச்சா ஒண்ணும் தெரியாது. தேஞ்ச பொறிப்பு ஒரு நிழல் மாதிரி எழும்பும். மெல்லிசு வெள்ளைத்தாளை மேல வெச்சு பென்சிலைச் சாய்ச்சு உரசறதும் நல்லா வேலை செய்யும், நாம சின்ன வயசுல காசு மேல பேப்பர் வெச்சு உரசுவோமே அதேதான். முகப்புத் தகடு, பின் தகடு, காலோட அடி, கடைசியா உள்பக்கம். உள்ள தொழிலாளி தன் ஆங்கில எழுத்து ஒண்ணு ரெண்டைக் குத்தியிருப்பாரு, இல்ல எது எதுக்கு ஜோடின்னு தெரிய கீறல் போட்டிருப்பாங்க.

உள்ள பாக்கணும்னா திறக்கணும், இங்கதான் நிறைய பேர் கெடுக்கறாங்க. வெட்டுக்கு நிறைய அகலமா பொருந்தற ஸ்க்ரூ டிரைவர் வேணும், சமையலறைக் கத்தி நுனி வேணாம். ரெண்டு நாள் முன்னாடியே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு வெச்சுட்டு, பொறுமையா முயற்சி பண்ணுங்க, வரலன்னா விட்டுடுங்க. மழுங்கிப் போன ஸ்க்ரூ தலை, திறக்காத ரீலை விட மோசம். திறந்தா கிளிக் சத்தம் போடற பல்லும் அதைத் தட்டற நாக்கும் சுருளும் உடையாம இருக்கான்னு பாருங்க. பழைய நைலான் தங்கூசி சுத்தியிருந்தா கழட்டிடுங்க, அது நீண்டு இறுகி உள்ளேருந்து தள்ளி பக்கத் தகட்டையே வளைச்சுரும். பட்டு நூல் இருந்தா தூக்கிப் போடாதீங்க, தனியா ஒரு கவர்ல வெச்சுடுங்க.

ஆக உங்களுது என்ன? வட்டத் தகடு, மேடு விளிம்பு, கொம்புக் குமிழ், தட்டைக் கால், ஸ்கேல் வெச்ச போட்டோல தகட்டோட குறுக்களவு 2¾ அங்குலம். பர்மிங்ஹாமோ ரெடிட்சோ, மொத்த வியாபாரத்துக்குச் செஞ்ச டிரௌட் மீன் ரீல், சுமார் 1885லேருந்து 1920க்குள்ள. இதுக்கு மேல ஒருத்தர் செஞ்சவர் பேரையே சொன்னாருன்னா அவர் அடிச்சு விடறாரு. குன்னூர்ல இது இருக்கறதுல ஆச்சரியமே இல்ல, நீலகிரில டிரௌட் கொண்டுவந்து விடணும்னு 1860கள்லயே ஃபிரான்சிஸ் டே முயற்சி பண்ணாரு, 1907ல அவலாஞ்சில எச்.சி. வில்சன் மீன் குஞ்சுப் பண்ணை போட்டப்புறம்தான் நல்லா காலூன்றுச்சு. நம்ம ஆத்துல வர்ற பெரிய மீன் மகாசீர் புடிக்கறதுக்கு இந்த அளவு பத்தாது, 1946ல கபினி ஆத்துல மைசூர் வான் இங்கன் குடும்பத்துக்காரர் ஒருத்தர் புடிச்சது 120 பவுண்ட், கிட்டத்தட்ட 54 கிலோ, அந்த மாதிரி மீனுக்கு 4 அங்குலத்துக்கு மேல போகணும்.

விலை. இந்த மாதிரி பேரில்லாத வட்டத் தகடு ரீல் இங்கிலாந்து ஏலத்துலயும் ஆன்லைன்லயும் நான் பாத்த வரைக்கும் 20லேருந்து 60 பவுண்டுக்குள்ளதான் போகுது, நல்ல சுத்தமான பழைய நிறத்தோட இருந்தா மேல் பக்கம். உங்களுதுல கால் ராவியிருக்கு, பக்கத் தகடு ரெண்டையும் சேத்துப் புடிக்கற தூண்ல ஒண்ணோட ஸ்க்ரூ தலை மத்ததை விடப் பெருசா தெரியுது, மாத்தினதா இருக்கும். அதனால 25, 30 பவுண்ட், நம்ம காசுக்கு 3,000 ரூபா சுமார். விலை பாக்கறப்ப விக்கறவங்க எழுதி வெச்சிருக்கற தொகையைப் பாக்காதீங்க, வித்து முடிஞ்சதை மட்டும் வடிகட்டிப் பாருங்க, 200 பவுண்டுன்னு மூணு வருஷமா தொங்கிட்டு இருக்கற ரீலை நான் காட்டுவேன்.

வெளிநாட்டுக்கு அனுப்பி விக்கலாம்னு நினைச்சா ஒரு நிமிஷம் நில்லுங்க. 1972ம் வருஷத்து தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேலான கைவினைப் பொருள் தொல்பொருள்ங்கற கணக்குல வரலாம், அதைத் தனியார் நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. இது அந்த வகை இல்லன்னு தொல்லியல் துறை நிபுணர் குழுகிட்ட சான்றிதழ் வாங்கினாத்தான் கஸ்டம்ஸ்ல பேச முடியும். 3,000 ரூபா சாமானுக்கு அந்த அலைச்சல் தேவையான்னு நீங்களே பாத்துக்கோங்க. குமிழ் தந்தமா இருந்திருந்தா இங்கயே விக்க முடியாது, வன உயிர் சட்டம் தடுக்கும், பாட்டி காலத்துதுன்னு சொன்னாலும் நடக்காது. உள்ளூர்லயே விக்கறதுன்னா ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் பழைய பங்களாவை ஓட்டலா மாத்தறவங்க சுவத்துல மாட்ட இதை விரும்பி வாங்குவாங்க, ரீல் சேக்கறவங்களை விட அவங்க கூடவே குடுப்பாங்க.

அந்த டிரங்குப் பெட்டில வேற என்ன இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே? மீன்புடி லைசென்ஸ் சீட்டு, துரை கம்போட நிக்கற போட்டோ, அவர் பேரு எழுதின தோல் உறை, கொக்கி வெச்ச தகரப் பெட்டி, எதுவா இருந்தாலும் ரீலோட சேத்தே வெச்சுக்கோங்க, பிரிச்சு விக்காதீங்க. பேரில்லாத ரீலுக்கு விலை ஏத்தறது அந்த மாதிரி காகிதம்தான். தோல் உறை இருந்துச்சுன்னா அதோட மூடிக்கு உள்பக்கம் கடை முத்திரை இருக்கான்னு பாருங்க, ரீல்ல விட்டதை அங்க குத்தியிருப்பாங்க சில சமயம். காலோட அடி, பின் தகடு, பெட்டிக்குள்ள இருக்கறது, இந்த மூணையும் பகல் வெளிச்சத்துல படம் எடுத்துப் போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.